வள்ளியாத்தாள் வீட்டு நடுச்சுவர்

வள்ளியாத்தாள் வீட்டில் குடியிருந்தவர்கள் யாரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. புதிதாக வந்தவர்கள் ஒரே ஒரு தடவை சாய்வார்கள். எழுந்திருக்கும்போது முதுகோடு ஈரம் வரும், ஈரத்தோடு சுண்ணாம்பு வரும், சுண்ணாம்போடு ஊறப்போட்டு மறந்த துணியின் வாடையும் வரும். அதற்கப்புறம் எவ்வளவு களைத்து வந்தாலும் நடுவீட்டில் நிமிர்ந்துதான் உட்காருவார்கள். திருச்செங்கோட்டில் கீழ்மேட்டுத் தெருக்காரர்கள் யாராவது விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "என்னுங்க, வள்ளியாத்தா ஊட்டுலயா குடியிருக்கறீங்க?" என்று கேட்பது வழக்கமாகிப் போயிருந்தது.

அது நீளமான ஓட்டு வீடு. வள்ளியாத்தாளின் புருஷன் நடுவில் ஒரு மண்சுவரை எழுப்பி அதை இரண்டாக்கி, கிழக்குப் பாதியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு மேற்குப் பாதியை வாடகைக்கு விட்டார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது கிழக்குப் பாதியில் வள்ளியாத்தாளும் இரண்டு எருமைகளும் இருந்தார்கள். தெருவில் பாதி வீட்டுக்கு அவள்தான் பால் ஊற்றினாள். ஆள் ஒல்லி, குரல் கனம். ஆணி அடிக்கக் கூடாது, உரலில் ஓங்கி இடிக்கக் கூடாது, வாசலில் முருங்கை வைக்கக் கூடாது என்று குடிவந்த அன்றே சட்டம் சொல்லிவிடுவாள். சுவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

மேற்குப் பாதியில் குடியிருந்தவன் நாச்சிமுத்து. கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் சீலை எடுத்துப் போடும் வேலை. வருகிற பெண்களுக்கு முன்னால் இளம்பிள்ளைத் தறிச் சீலைகளைப் பிரித்து உதறி, தன் தோளிலேயே போட்டுக் காட்டி, வாங்காமல் போனால் முகம் சுளிக்காமல் மடித்து வைக்க வேண்டும். அதற்கேற்ற சாதுவான மனுஷன். பெண்சாதி பாப்பாயி அந்த அளவுக்குச் சாது இல்லை. அவளுடைய ஊர் மல்லசமுத்திரத்துப் பக்கம். இவர்களுக்குப் பொன்னாயி என்று ஒரு பெண் குழந்தை.

மேட்டூர் அணை கட்டி முடித்ததற்கு மறு வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெயில் முகத்தை மறந்துபோகிற மாதிரி பெய்தது. நடுச்சுவர் முதலில் வியர்த்தது. பிறகு அடியிலிருந்து கறுத்தது. அதன்மேல் பூசணம் பூத்தது. சோற்றுப்பானை மூடியில், செருப்பில், குழந்தையின் மரப்பாச்சியின் தலையில் எல்லாம் பூத்தது. கொடியில் கிடந்த நாச்சிமுத்துவின் வெள்ளைத் துண்டில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி விழுந்து, வெளுக்கப் போட்டும் போகவில்லை. அதையே தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். கடை முழுக்கச் சீலையைக் கலைத்துப் போட்டுப் பார்த்த ஒரு அம்மாள் கடைசியில் அவன் தோளைக் காட்டி, "இந்தப் புள்ளி போட்டதுல சீலை இருந்தா எடுங்க" என்றாள். முதலாளி அதற்குச் சிரிக்கவில்லை.

துண்டு போனால் போகிறது. பொன்னாயிக்கு இழுப்பு வந்துவிட்டது. படுக்க வைத்தால் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தூக்கித் தோளில் போட்டால்தான் மூச்சு விடுவாள். பாப்பாயியும் நாச்சிமுத்துவும் முறை வைத்துக்கொண்டு தோளில் போட்டு நடந்தார்கள். போன வருஷமும் மழைக்காலம் முழுக்க இப்படித்தான். ஊருக்குக் கூட்டிப்போனால் சரியாகிவிடும், திரும்பி வந்தால் பிடித்துக்கொள்ளும். பாப்பாயி சுவரைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், ஒரு நாள் காலையில் துணியை மூட்டை கட்டிவிட்டாள்.

"எங்கம்மா ஊட்டுக்குப் போறேனுங்க. நோம்பிக்கும் வரமாட்டேன், நொடிக்கும் வரமாட்டேன். இந்தச் செவுரு காஞ்சாத்தான் இனி எம்புள்ள இந்த ஊட்டு வாசப்படி மிதிப்பா."

"செவுரு எப்படிக் காயும் பாப்பாயி, மழை பேயுதே?"

"ஊருல மத்த ஊட்டுச் செவுரெல்லாம் கரைஞ்சா போச்சு? ஊட்டுக்கார அம்மாகிட்டப் போயி நல்லா நாலு வார்த்த கேளுங்க. சீலை காட்டற மாதிரி கொழையாதீங்க."

கேட்பதற்கு முன்னால் தானே சுவரைச் சரி செய்துவிடலாம் என்று நாச்சிமுத்து பார்த்தான். வள்ளியாத்தாளிடம் பேசுவதைவிடச் சுவரோடு மல்லுக்கட்டுவது சுலபம் என்று அவனுக்குத் தோன்றியது. தேங்காய்நாரால் தேய்த்தான். பூசணம் போயிற்று, கூடவே காரையும் போயிற்று, மறுநாள் பூசணம் மட்டும் திரும்பி வந்தது. மண்ணெண்ணெய் தடவினான். வீட்டில் விளக்கேற்றவே பயமாகிவிட்டது. வேப்பிலைப் புகை போட்டான். அவன்தான் இருமினான். கடைசியாகச் சுண்ணாம்பைக் கரைத்து ஈரச் சுவரிலேயே ஒரு பூச்சுப் பூசினான். அது இரண்டு நாள் அழகாக இருந்துவிட்டு அப்பளம் அப்பளமாகக் கழன்று சோற்றுத் தட்டில் விழுந்தது.

சந்தைக்கு நிலக்கடலை ஏற்றிக்கொண்டு வந்த மச்சான் சின்னண்ணன், பாப்பாயியின் உடன்பிறந்தவன், வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். வந்து நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டான்.

"பொன்னாயிக்கு எப்படி இருக்குது மச்சான்?"

"அவளுக்கென்ன, ஆட்டுக்குட்டியாட்டம் ஓடறா. இழுப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. பாப்பாயிதான் தெனம் கேக்கறா, 'செவுரு காஞ்சுதா, செவுரு காஞ்சுதா'ன்னு." சின்னண்ணன் சுவரை ஒரு பார்வை பார்த்தான். "நாம்போயி என்ன மாப்ள சொல்றது?"

"காஞ்சுட்டு வருதுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லி அவகிட்ட நான் பேச்சு வாங்கோணுமா? நீயே ஏதாச்சும் பண்ணு."

குழந்தையைப் பார்க்காமல் நாச்சிமுத்துவுக்கு வீடு பிடிக்கவில்லை. கடை விட்டு வந்தால் அந்த மரப்பாச்சிதான் மூலையில் கிடந்தது. அதன் தலையைத் துடைத்து வைத்தான். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிழக்குப் பாதிக்குப் போய் வாசலில் நின்றான். வாசலுக்கு உள்ளே குடித்தனக்காரர்கள் போகும் வழக்கமில்லை.

"ஏனுங்கம்மா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. செவுரு முழுக்கப் பூசணம் பூத்துக் கெடக்குதுங்க."

வள்ளியாத்தாள் மோர் கடைந்துகொண்டிருந்தாள். மத்தை நிறுத்தவில்லை. "ஆரூட்டுச் செவுத்துலதான் பூக்கல? மழை பேயுது. பேஞ்சா நனையும், நனைஞ்சாப் பூக்கும். நான் என்ன பண்ணோணும், மழைய நிறுத்தோணுமா?"

"கொத்தனாரைக் கூட்டியாந்து கொஞ்சம் சுண்ணாம்புக் காரை..."

"சுண்ணாம்பு என்ன கெணத்துலயா ஊறுது? நீ சோறாக்கற ஆவி அத்தனையும் போயி அந்தச் செவுத்துலதான அடிக்குது? நாங்களும்தான் அந்த ஊட்டுல சோறாக்குனோம். ஆவி வராமத்தான் ஆக்குனோம்."

ஆவி வராமல் சோறாக்குவது எப்படி என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் நகரவில்லை. "கொழந்தைக்கு இழுப்புங்கம்மா. இந்தச் செவுரு காயாட்டி பெண்டாட்டி புள்ள ஊடு வராதுங்க" என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்தான். வள்ளியாத்தாள் மத்தை நிறுத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ரோதனையப் பாரு" என்று முணுமுணுத்தபடி எழுந்து வந்தாள்.

சுவர் அன்றைக்கென்று நன்றாகப் பூத்திருந்தது. நல்ல வெள்ளையில், மிளகளவும் சுண்டைக்காயளவுமாக, உருண்டை உருண்டையாகக் கொத்துக் கொத்தாய் நின்றது. வள்ளியாத்தாள் பார்த்தாள். கொத்தனார் கூலியும் சுண்ணாம்பும் மணலும் அவள் மனக்கண்ணில் வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஏதாவது சொல்லியாக வேண்டும். குடித்தனக்காரன் கண் கலங்கி நிற்கிறான். சட்டென்று அவள் இரண்டு கையும் தலைக்கு மேலே போயின.

"ஆத்தா! மாரியாத்தா! இதென்ன தாயே சோதனை!"

நாச்சிமுத்து பயந்துபோய் அவனும் கையெடுத்துக் கும்பிட்டான். யாரை என்று அப்புறம்தான் யோசித்தான்.

"பூசணமா இது? கண்ணு அவிஞ்சவனே! முத்துடா, முத்து! ஆத்தா செவுத்துல எறங்கி முத்துப் போட்டிருக்கறா, இவன் சுண்ணாம்பு அடிக்கோணும்கறான்!"

அந்த நிமிஷத்தில் அவள் அதை நம்பித்தான் சொன்னாளா என்பதை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் பொழுது சாய்வதற்குள் மனதார நம்பிவிட்டாள். எப்படிச் சொல்கிறேனென்றால், சொந்தக் காசில் மஞ்சள் வாங்கி அனுப்பினாள். நம்பாத ஒன்றுக்கு வள்ளியாத்தாள் செலவு செய்ததாகச் சரித்திரமே இல்லை.

அந்தக் காலத்தில் அம்மை விளையாட்டுக் காரியம் இல்லை. போன கோடையில் அதே தெருவில் இரண்டு வீட்டில் ஆள் போயிருந்தது. ஆகவே யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக் குப்பாயியைக் கூப்பிட்டார்கள். அம்மை கண்டவர்களுக்குப் பக்கத்திலிருந்து பார்ப்பதில் அவள் கெட்டிக்காரி, தெருவில் அவள் சொல்தான் முடிவு. அவள் சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மேலிருந்து கீழாக, காய்ச்சல்காரன் உடம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சின்னவ இல்ல. பெரியவளேதான். எறங்கி நாளாச்சு. இவன் நாரைப் போட்டுத் தேச்சதுல ஆத்தாளுக்குக் கோவம்."

"மண்ணெண்ணெய்யும் போட்டேனுங்க" என்று நாச்சிமுத்து உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அட பாவி!" என்றாள் குப்பாயி. "இனிமேப்பட்டு அந்தச் செவுத்துல கை வெக்காதே. தாளிக்காதே, சவரம் பண்ணாதே, எண்ணெ தேய்க்காதே. மூணு வேளையும் மஞ்சத்தண்ணி தெளி. ஆத்தாளுக்குக் குளுமைதான் வேணும்."

வாசல் நிலையில் வேப்பங்கொத்துச் செருகினார்கள். தெருப் பெண்கள் ஆளுக்கொரு செம்பு மஞ்சள்தண்ணீர் கொண்டுவந்து சுவரில் ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். சுவருக்கு இதைவிட என்ன வேண்டும்? முத்து சுண்டைக்காயிலிருந்து நெல்லிக்காயானது. அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் கூடியது. நாச்சிமுத்து உப்புச்சப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, தாடியைச் சொறிந்துகொண்டு, வருகிறவர்களுக்குத் தலைவாசலில் வழிவிட்டு நின்றான்.

இது போதாதென்று கடையிலும் இடி விழுந்தது. முதலாளி அவனைப் படியேறவே விடவில்லை.

"ஆத்தா வந்த ஊட்டுலிருந்து வந்து சீலையத் தொடறயே. அந்தச் சீலை கட்டறவ ஊட்டுக்கும் ஆத்தா போனா ஆருடா பதில் சொல்றது?"

"வந்தது செவுத்துக்குங்க மொதலாளி. எனக்கு இல்லீங்க."

"ஆருக்கு வந்தா என்ன, ஊடு ஒண்ணுதான? தலைக்குத் தண்ணி ஊத்துன பொறகு வா."

அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பி வைப்பார்கள். சுவருக்குத் தலை எது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. குப்பாயியிடம் கேட்டான். "முத்து உதுந்தாத்தான் தண்ணி. அதுவரைக்கும் பேசாம இரு" என்றாள். ஊற்றுகிற தண்ணீர் நின்றால்தான் முத்து உதிரும், முத்து உதிர்ந்தால்தான் ஊற்றுகிற தண்ணீர் நிற்கும். நாச்சிமுத்து அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, தன் ஆயுள் இப்படியே போய்விடும் என்று நினைத்தான்.

அடுத்த சந்தை வந்தது. சின்னண்ணன் வண்டியை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தவன், வாசலில் வேப்பங்கொத்தைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துப் பிடித்தான். அம்மை வீட்டு வாசலில் நின்று யாருக்கு என்ன என்று கேட்பது வழக்கமில்லை. கேட்காமலே போவதுதான் மரியாதை. சின்னண்ணன் முறைப்படி கன்னத்தில் போட்டுக்கொண்டான், வண்டியைத் திருப்பினான்.

உள்ளே மத்தியானத்து மஞ்சள்தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவுக்குச் சலங்கைச் சத்தம் கேட்டது. தாடியும் கலைந்த தலையுமாகச் செம்போடு வெளியே ஓடி வந்தான்.

"மச்சான்! மச்சான்! நில்லுங்க மச்சான்!"

சின்னண்ணன் திரும்பிப் பார்த்தான். ஜன்னி கண்டவன் படுக்கையை விட்டு எழுந்து ஓடி வருகிறான் என்றே அவனுக்குத் தோன்றியது. "போயிப் படு மாப்ள, ஆத்தா காப்பாத்துவா!" என்று கத்திவிட்டு மாட்டை அடித்து ஓட்டினான். கடலை மூட்டையைச் சந்தையில் இறக்கினானா என்பதுகூடச் சந்தேகம்தான்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து மோரும் சோறும் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான். கதவு படாரென்று திறந்தது. பாப்பாயி நின்றாள். சீலை முழங்கால் வரைக்கும் சேறு. தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையில் ஒரு கட்டு வேப்பிலை, இடுப்பில் இரண்டு இளநீர். அத்தனை தூரமும் நடந்தே வந்திருக்கிறாள்.

அவனைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"எங்கீங்க?" என்றாள்.

"என்னது எங்க?"

"முத்து எங்கீங்க?"

நாச்சிமுத்து சோற்றுக் கையால் சுவரைக் காட்டினான்.

பாப்பாயி அதை நம்பவில்லை. இளநீரைக் கீழே போட்டுவிட்டு வந்து அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அங்கராக்குச் சட்டையைத் தூக்கி முதுகைத் தடவினாள், மாரைத் தடவினாள், உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். எங்கும் ஒரு கடுகுகூட இல்லை. பொத்தென்று தரையில் உட்கார்ந்து, முகத்தைச் சீலையில் மூடிக்கொண்டு அழுதாள். நாச்சிமுத்துவுக்கும் அழுகை வந்தது. தனக்காக ஒருத்தி இப்படிச் சேற்றிலும் மழையிலும் ஓடி வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது, இவ்வளவு திடமாக உட்கார்ந்து மோர்ச்சோறு தின்பதில் வெட்கமாகவும் இருந்தது.

"புள்ளைய எங்கம்மாகிட்டப் போட்டுட்டு, பாதி வழியில நீங்க போயே போயிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு ஒப்பாரி வெச்சுட்டே வந்தேன்" என்றாள் பாப்பாயி. பிறகு அதே சீலையால் கண்ணைத் துடைத்தாள். குரல் மாறிவிட்டது. "செவுத்துக்கா அம்மை போட்டிருக்குது?"

"குப்பாயக்கா பாத்துட்டுச் சொன்னாங்க."

"மொதல்ல ஆரு சொன்னது?"

"ஊட்டுக்கார அம்மா. சுண்ணாம்பு அடிச்சுக் குடுங்கன்னு நான் கேட்டனா..."

"ஓஹோ" என்றாள் பாப்பாயி.

அந்தச் சமயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழுந்தது. பாப்பாயி தலையைத் திருப்பினாள்.

"அது என்ன சத்தமுங்க?"

"எருமை. தண்ணி குடிக்குது."

"தெனமும் இதே எடத்துலதான் குடிக்குதா?"

"ஆமா. பொன்னாயிகூட காது வெச்சுக் கேட்டுட்டுச் சிரிப்பாளே."

பாப்பாயி எழுந்து போய்ச் சுவரில் கன்னத்தை வைத்தாள். அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை வைத்துத் தடவினாள். அடியில், எருமை உறிஞ்சுகிற இடத்துக்கு நேராக, ஒரு விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று.

"தெனமும் காதுல கேட்டுட்டுத்தான் இருந்தீங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. "கையக் கழுவிட்டு வாங்க."

அப்போதுதான் குப்பாயியும் இன்னும் சில பெண்களும் மஞ்சள்தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார்கள். பாப்பாயி அவர்களையும் அழைத்துக்கொண்டு கிழக்குப் பாதி வாசலுக்குப் போனாள். வள்ளியாத்தாள் பால் செம்போடு வெளியே வந்தாள்.

"வா அம்மிணி. எப்ப வந்தே? உன்ற ஊட்டுக்கு ஆத்தா வந்திருக்கறா, குடுத்து வெச்சவ நீ."

பாப்பாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதில் கேலி இல்லை. ஆத்தாளிடம் அவளுக்கும் பயம்தான்.

"ஆமாங்கம்மா, பாத்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். ஆத்தா மூஞ்சி எந்தப் பக்கமுங்க?"

"இதென்ன கேள்வி? முத்து உங்க பக்கம்தான தெரியுது. மூஞ்சி உங்க ஊட்டப் பாத்துத்தான்."

"அப்ப முதுகு?"

வள்ளியாத்தாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "முதுகு... முதுகு இந்தப் பக்கம்."

"மூஞ்சிக்கு நாங்க மூணு வேளையும் மஞ்சத்தண்ணி, வேப்பெல, தாளிக்காத சோறுன்னு மருவாதி பண்றோமுங்க. முதுகுக்கு நீங்க என்ன மருவாதி பண்றீங்கன்னு சித்தப் பாக்கலாமுங்களா?"

"அது நாயந்தான" என்று பின்னாலிருந்து குப்பாயி சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை, வள்ளியாத்தாளை ஒதுக்கிவிட்டு முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள். நாச்சிமுத்துவும் கூட்டத்தோடு கூட்டமாக, தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வாசலைத் தாண்டினான்.

நடுச்சுவரை ஒட்டித்தான் கட்டுத்தரை. சுவரோடு சேர்த்து ஒரு பெரிய கல்தாழி போட்டிருந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர். அடியில் ஒரு கீறல், கீறலில் பச்சைப்பாசி. அதிலிருந்து கசிந்த தண்ணீர் எங்கும் ஓடாமல் நேராகச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு எருமை தாழிக்குள் முகத்தைப் போட்டிருந்தது. இன்னொன்று சுவரில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டிருந்தது. இவ்வளவு பேரைப் பார்த்த மிரட்சியில், அது வாலைத் தூக்கிச் சுவரோரமாகவே மூத்திரம் பெய்தது.

எல்லோரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எருமை முடிக்க வேண்டியிருந்தது.

"அடிப் பாதகத்தி!" என்று குப்பாயி அலறினாள். "எருமையா? எருமையவா ஆத்தா முதுகுல கட்டி வெச்சிருக்கே? எருமத்தலையனைக் கால்ல போட்டு மிதிச்சவ அவ! அவ முதுகுலயே அதுங்க ரெண்டையும் கட்டி, தண்ணியும் காட்டி, மூத்தரமும் பேய வெச்சா, முத்துப் போடாம மல்லியப்பூவா பூக்கும்?"

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கோவப்படாத ஆத்தாளுக்கே கோவம் வரும் என்றாள் ஒருத்தி. தெருவுக்கே வந்திருக்கும், ஏதோ செவுத்தோட போச்சு என்றாள் இன்னொருத்தி. வள்ளியாத்தாள் முகம் சுண்டிப் போயிற்று. பாவம், அவள் எதை வேண்டுமானாலும் எதிர்பார்த்திருப்பாள், தன் எருமைகள் மாட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவில்லை.

"அது எங்கூட்டுக்காரரு போட்ட தாழி" என்றாள். கனத்த குரல் எங்கே போயிற்றோ. "சங்ககிரியிலிருந்து வண்டியில ஏத்தியாந்து அவரு கையால போட்டது. அன்னைலிருந்து ஒரு வெரக்கடை நகத்துனதில்ல."

பாப்பாயியின் கோபம் அந்தப் பேச்சில் கொஞ்சம் இறங்கியது. தாழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அய்யன் போட்ட தாழியத் தூக்கி எறியச் சொல்லலீங்கம்மா. அக்கட்டால நகத்திப் போடுங்கன்னுதான் சொல்றோம்."

"நாளப்பின்ன பாத்துக்கலாம்" என்றாள் வள்ளியாத்தாள்.

"நாளப்பின்ன பாத்துக்க" என்றாள் குப்பாயி. "ஆத்தா வந்த ஊட்டுலிருந்து பாலு தயிரு வெளிய போகக் கூடாது. இந்தச் செவுரு உனக்குந்தான. தண்ணி ஊத்தி அனுப்பற வரைக்கும் எங்க ஆருக்கும் உன்ற பாலு வேண்டாம்."

அன்று பொழுதோடயே தாழி நகர்ந்தது. தெரு ஆண்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அடியிலிருந்து தவளைகள் குதித்தோடின. தாழியை வாசலுக்கு வெளியே போட வள்ளியாத்தாள் ஒப்பவில்லை, எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். நாலு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியாத தாழி அது. கடைசியில் கிழக்குக் கோடியில், அவள் படுக்கிற அறையின் சுவரோரமாகப் போடச் சொன்னாள். "கண்ணு பாக்கற தூரத்துல இருக்கோணும்" என்றாள்.

மறுநாள் மஞ்சள்தண்ணீரோடு வந்த குப்பாயியைப் பாப்பாயி வாசலிலேயே நிறுத்தினாள்.

"அக்கா, ஆத்தா குளுந்து போயிட்டா. ராத்திரி எனக்குச் சொப்பனத்துல வந்து, நடுக்குது, கணப்புப் போடுன்னு சொன்னா."

குப்பாயிக்கு அது நியாயமாகப் பட்டது. செம்புத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டுப் போனாள். அந்தச் சொப்பனத்தைப் பற்றி நாச்சிமுத்து பெண்சாதியிடம் எதுவும் கேட்கவில்லை. கரி வாங்கி வந்து, சட்டியில் கணப்பு மூட்டி, சுவருக்குப் பக்கத்தில் வைத்தான். மழையும் ஓய்ந்தது. கார்த்திகை முடிவதற்குள் கறுப்பு, அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. முத்துகள் சுருங்கிப் பொடியாக உதிர்ந்தன. குப்பாயி வந்து பார்த்து, தண்ணீர் ஊற்றலாம் என்றாள். பாப்பாயி வேப்பங்கொத்தை மஞ்சள்தண்ணீரில் நனைத்து, நன்றாக உதறிவிட்டு, சுவரின் உச்சியில் ஒரு சொட்டுத் தெளித்தாள்.

ஆத்தா போன வீட்டுக்கு வெள்ளையடிப்பது முறை. அதில் தர்க்கத்துக்கு இடமில்லை. பால் மறுபடி வியாபாரமாக வேண்டுமென்றால் வள்ளியாத்தாள்தான் அடிக்க வேண்டும். முனகிக்கொண்டே கொத்தனாரை அனுப்பினாள். நாச்சிமுத்து முகம் மழித்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, கடைக்குப் போனான். புதுத்துண்டு போட்டிருந்தான்.

தை பிறந்ததும் சின்னண்ணன் வண்டியில் பொன்னாயி வந்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் உள்ளே ஓடினாள். மூலையில் மரப்பாச்சியைக் கண்டுபிடித்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நடுச்சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். நாச்சிமுத்து ஓடி வந்தான். ஏதோ எடுக்கிறவன்போல அவளுக்குப் பின்னால் கையை விட்டு முதுகைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. "கூசுதுங்கப்பா" என்று பொன்னாயி நெளிந்தாள்.

மறு ஐப்பசியிலும் மழை குறை வைக்கவில்லை. நடுச்சுவர் அசையவில்லை, பொன்னாயிக்கும் இழுப்பு வரவில்லை. ஆனால் கிழக்குப் பாதியிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

"அம்மா, எருமை இருமுது" என்றாள் பொன்னாயி.

"எருமை இல்ல கண்ணு. ஊட்டுக்கார அம்மா" என்றாள் பாப்பாயி.

இருமல் நாளுக்கு நாள் கூடியது. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் வள்ளியாத்தாள் நின்றாள். கக்கத்தில் சுருட்டிய பாய். கையில் ஒரு தலையணை. அதன் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி விழுந்திருந்ததை நாச்சிமுத்து பார்த்தான். அந்தப் புள்ளியை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"எங்கூட்டுக்கும் ஆத்தா வந்துட்டா" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எந்தச் செவுத்துலீங்கம்மா?" என்று பாப்பாயி கேட்டாள். எந்தச் சுவர் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

"படுக்கற ஊட்டுச் செவுத்துல. நெஞ்சு அடைக்குது அம்மிணி. ரெண்டு பொழுது இங்க படுத்துக்கறேன்."

பாப்பாயிக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் வள்ளியாத்தாளுக்கு மறுபடியும் இருமல் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். அந்த இருமலுக்குள் கோழிக்குஞ்சு கத்துகிற சத்தம் கேட்டது. பாப்பாயி தலையணையை வாங்கிக்கொண்டாள். பொன்னாயியின் படுக்கையை நகர்த்திப் போட்டு நடுச்சுவரோரமாக இடம் பண்ணினாள். கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு ஊதினாள்.

"உக்காருங்கம்மா. நாளைக்கு அந்தத் தாழிய எங்க போடறதுன்னு பாக்கலாம்."

வள்ளியாத்தாள் பாயை விரித்து உட்கார்ந்தாள். முதலில் பழக்கத்தில் நிமிர்ந்துதான் உட்கார்ந்தாள். பொன்னாயி சாய்ந்திருப்பதைப் பார்த்து மெல்லச் சாய்ந்தாள். கையைப் பின்னால் விட்டு முதுகைத் தடவினாள், சுவரைத் தடவினாள், மறுபடி முதுகைத் தடவினாள். அவளுடைய பழைய குரல் திரும்பி வந்தது.

"பாத்தியா நாச்சிமுத்து? எங்கூட்டுக்காரரு கட்டுன செவுரு. ஒரு பொட்டு ஓதமிருக்குதா?"

"இல்லீங்கம்மா" என்றான் நாச்சிமுத்து. சிரிப்பைத் துண்டால் பொத்திக்கொண்டு, அவனும் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.